சான்றிதழ் எதற்குச் சான்று?

ஒருவரிடம் தொழில்திறமை உண்டு என்பதை மற்றவர் எப்படி அறிவது என்பது மெய்யியலின் பழைய கேள்விகளுள் ஒன்று. மின்னியலாளரின் தொழிலில் அது உயிர் பற்றிய கேள்வியாகவும் ஆகிவிடுகிறது. தச்சர் செய்த கதவு கோணலாக இருந்தால் வீட்டுக்காரர் அன்றைக்கே காண்பார். சமையற்காரரின் கைப்பக்குவம் அதே வேளை நாக்கில் தெரிந்துவிடும். வயரிங் வேலை அப்படியன்று. குழாய்க்குள்ளும் சுவருக்குள்ளும் கூரைக்கு மேலும் மறைந்து கிடக்கும் அந்த வேலையில், சரியான இணைப்புக்கும் பிழையான இணைப்புக்கும் மின்குமிழ் ஒரே மாதிரிதான் எரியும். பிழை வெளிப்படும் நாள் பெரும்பாலும் விபத்து நடக்கும் நாள். ஆகவே வேலையைப் பார்த்து ஆளை அறிய முடியாத வீட்டுக்காரர், ஆளின் சான்றிதழைப் பார்த்து வேலையை நம்புகிறார். அந்த நம்பிக்கைக்கு எவ்வளவு அடிப்படை உண்டு, எங்கே அந்த அடிப்படை முடிகிறது என்பதே இங்கு ஆராயப்படுவது.

மட்டக்களப்பு நகரை ஒட்டி வாவிக்கரையில் அமைந்துள்ள அமிர்தகழி இந்தக் கேள்விக்குப் பொருத்தமான இடம். அங்குள்ள மாமாங்கேஸ்வரர் ஆலயத்தின் ஆண்டுத் திருவிழா ஆடி அமாவாசைத் தீர்த்தத்தோடு நிறைவுறும். பிதிர்க்கடன் தீர்க்கவும் தீர்த்தமாடவும் வருவோர் ஈர உடையோடு குளக்கரையிலும் வீதியிலும் நடக்கிறார்கள். அதே நாட்களில் பந்தல் விளக்குகளுக்கும், ஒலிபெருக்கிகளுக்கும், கச்சான் கடை, ஐஸ்கிறீம் கடை முதலியவற்றுக்கும் தற்காலிக மின்னிணைப்புகள் தேவைப்படுகின்றன. ஈரமான உடலின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் அளவுக்கு இறங்கக்கூடும். இலங்கையின் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. அத்தகைய உடலின் ஊடாக 200 மில்லி அம்பியருக்கு மேல் மின்னோட்டம் பாயலாம். இதயத் துடிப்பைக் குலைக்க அதில் ஒரு பகுதியே போதும். அங்கே வயர் இழுத்தவர் யார், அவருக்கு அந்த வேலை தெரியுமா என்பது ஏட்டுக் கேள்வியன்று.

இலங்கையின் ஏற்பாடு

இலங்கையில் தொழிற்கல்வித் தகுதிகளை ஒழுங்குபடுத்துவது 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற் கல்வி ஆணைக்குழு. அதன் பொறுப்பில் உள்ள தேசிய தொழிற் தகைமைச் சட்டகம் 7 மட்டங்களைக் கொண்டது. கீழ்மட்டங்கள் கைவினைஞருக்குரிய சான்றிதழ்கள். 5ஆம், 6ஆம் மட்டங்கள் டிப்ளோமா. 7ஆம் மட்டம் பட்டத்துக்கு நிகரானது. வீட்டு வயரிங் செய்யும் மின்னியலாளருக்கு 3ஆம், 4ஆம் மட்டங்களே பொருந்தும். 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு, மின்னியலாளர்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் முறையை முன்னெடுத்தபோது 3ஆம் மட்டத்தையே அடிப்படைத் தகுதியாகக் கொண்டது.

இச்சட்டகத்தின் சான்றிதழை இரு வழிகளில் பெறலாம். ஒன்று, தொழினுட்பக் கல்லூரியிலோ பயிற்சி நிலையத்திலோ பாடநெறியை முடித்து மதிப்பீட்டுக்கு உட்படுவது. மற்றது, ஏற்கனவே தொழில் தெரிந்தவர் தம் அனுபவத்துக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் காட்டி, மதிப்பீட்டாளர் முன் வேலை செய்து காண்பித்து, அங்கீகாரம் பெறுவது. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை இரண்டாவது வழிக்கும் இடம் தருகிறது. இரு வழிகளிலும் கேட்கப்படுவது ஒன்றே: வரையறுத்த வேலைகளை வரையறுத்த தரத்தில் இவரால் செய்ய முடியுமா? எத்தனை ஆண்டு படித்தார் என்பதைவிட என்ன செய்ய முடிகிறது என்பதை அளப்பதால், பழைய எழுத்துப் பரீட்சையைவிட இம்முறை தொழிலுக்கு நெருக்கமானது. ஆனால் திறமையை எந்த முறையாலும் முழுதாக அளக்க முடியுமா என்ற கேள்வி அதற்குப் பிறகும் நிற்கிறது.

திறமையின் கூறுகள்

ஆங்கில மெய்யியலாளர் கில்பர்ட் றைல் 1949இல் வெளியிட்ட நூலில், ஒன்று இன்னது என அறிவதையும் ஒன்றை எப்படிச் செய்வது என அறிவதையும் வேறுபடுத்தினார். ஓமின் விதியைப் பிழையின்றிச் சொல்வது முதல் வகை. ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்கினால் செம்புக் கம்பி நசுங்காமலும் தளராமலும் பிடிக்கும் என்று கை அறிவது இரண்டாம் வகை. மைக்கேல் போலானி 1958இலும் 1966இலும் வெளியிட்ட நூல்களில், மனிதர் சொல்ல முடிவதைவிட அதிகமாக அறிந்திருக்கிறார்கள் என்று வாதிட்டார். எழுத்துப் பரீட்சை முதல் வகை அறிவை நன்றாகவும் இரண்டாம் வகையை மிகக் குறைவாகவும் தொடுகிறது. செய்முறை மதிப்பீடு இரண்டாம் வகையையும் தொடுகிறது.

இவ்விரண்டையும் தாண்டி வேறு இரு கூறுகள் உள்ளன. ஒன்று பகுத்துணர்தல்: பாடத்தில் இல்லாத நிலைமையில் என்ன செய்வது என்று முடிவெடுக்கும் ஆற்றல். மதிப்பீட்டில் தரப்படும் பிழை, விடை தெரிந்த ஒருவர் வைத்த பிழை. வீட்டில் காணப்படும் பிழையை யாரும் திட்டமிட்டு வைப்பதில்லை. பரீட்சையின் இந்த எல்லையை மட்டக்களப்பு மண்ணின் பேரறிஞர் ஒருவரின் வாழ்விலும் காணலாம். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் தேறியவர். விஞ்ஞானத்தில் டிப்ளோமாவும் பட்டமும் பெற்றவர். ஆனால் 1947இல் வெளியான யாழ்நூலுக்கு வேண்டியிருந்த அறிவை எந்தப் பரீட்சையும் அவரிடம் கேட்டதில்லை. மறைந்துபோன இசைக்கருவியைக் கணிதத்தாலும் இலக்கியச் சான்றாலும் மீட்டெடுக்கும் வேலைக்குப் பாடத்திட்டம் ஏது? அவர் பெற்ற சான்றிதழ்கள் அந்த ஆற்றலுக்கு அடித்தளம் இருந்ததைச் சொல்லின. ஆற்றலை அதன் விளைவே சொல்லிற்று.

மற்றக் கூறு ஒழுக்கம். மின்னொழுக்கு நேர்ந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் ஈரக்காலத்தில் அடிக்கடி விழுகிறது என்று வீட்டுக்காரர் சலித்துக்கொள்கிறார். “அதைக் கழற்றிவிட்டு நேரே கொடுங்கோ” என்கிறார். காரணத்தைத் தேட அரை நாள் வேண்டும். சுவிட்சைத் தவிர்த்து நேரே கம்பி கொடுக்கப் பத்து நிமிடம் போதும். கூலியும் கைக்கு வரும், வீட்டுக்காரரும் மகிழ்வார். சரியானது எது என்பது அங்கு நிற்கும் மின்னியலாளருக்குத் தெரியும். தெரிந்ததைச் செய்கிறாரா என்பதே அந்த வீட்டாரின் பாதுகாப்பைத் தீர்மானிக்கிறது. மதிப்பீட்டாளரின் முன் எவரும் ட்ரிப் சுவிட்சைக் கழற்றி எறிவதில்லை. பார்வையின் கீழ் செய்ய முடிவதும், பார்வையில்லாதபோது செய்வதும் இரு வேறு செய்திகள். மதிப்பீடு முதலாவதை மட்டுமே கண்டிருக்கிறது.

திருக்குறள் இந்த வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்த நூல். ஒருவரை ஆராய்ந்து நம்புவது பற்றிய தெரிந்துதெளிதலும், ஆராய்ந்து வேலையில் அமர்த்துவது பற்றிய தெரிந்துவினையாடலும் அதில் 51ஆம், 52ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து நிற்கின்றன. தெரிந்துதெளிதலின் முதற்குறள் அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்ற நான்கால் ஆளைச் சோதிக்கச் சொல்கிறது. நான்கும் அறிவைவிட நெஞ்சுறுதியையே நாடுபவை. அரிய நூல்களைக் கற்றுக் குற்றமற்றவராய் இருப்பவரிடத்திலும் ஆராய்ந்து பார்த்தால் அறியாமை சிறிதும் இல்லாமை அரிது என்று அதே அதிகாரம் எச்சரிக்கிறது. பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலே உரைகல் என்கிறது. அடுத்த அதிகாரமோ இன்னும் கடுமையானது: எல்லா வகையாலும் ஆராய்ந்து தெளிந்து அமர்த்தியபின்னும், செய்யும் வினையின் தன்மையால் வேறுபட்டுப் போகும் மாந்தர் பலர் என்கிறது. தேர்வு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேலை வேறொரு தேர்வு என்பதை இதைவிடச் சுருங்கச் சொல்வது கடினம்.

மூன்று அளவைகள்

சான்றிதழ் எவ்வகை அறிவைத் தருகிறது என்பதை ஆராய, சைவ சித்தாந்தம் கையாளும் அளவை முறை உதவுகிறது. 13ஆம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், தன் கொள்கையை நிறுவுமுன் அறிவு எவ்வழிகளில் கிடைக்கிறது என்பதைப் பேசுகிறது. பிறர் வகுத்த அளவைகள் பத்தாக நீண்டாலும் அவற்றைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்கிவிடலாம் என்பது அதன் நிலைப்பாடு. காண்டல் நேரே அறிதல். கருதல் ஓர் அடையாளத்தைக் கொண்டு மறைந்திருப்பதை ஊகித்தல். உரை நம்பத்தக்கவர் சொல்லை ஏற்றல்.

அமிர்தகழியில் வீடு கட்டும் ஒருவர் சான்றிதழ் வைத்திருக்கும் மின்னியலாளரை அழைக்கும்போது இம்மூன்றும் ஒரு சங்கிலியாக வேலை செய்கின்றன. மதிப்பீட்டாளர் அவரை ஒரு நாள், சில வேலைகளில் கண்டார், அது காண்டல். கண்ட சில வேலைகளிலிருந்து காணாத வேலைகளையும் இவர் செய்வார் என்று முடிவு கட்டினார், அது கருதல். அந்த முடிவு தாளில் எழுதி முத்திரையிடப்பட்டு வீட்டுக்காரரிடம் வருகிறது, அது உரை. வீட்டுக்காரர் கையில் இருப்பது உரை மட்டுமே. அதன் வலு, சொன்னவரின் நம்பகத்தையும், அவர் கருதலின் திருத்தத்தையும், அவர் கண்டதன் பரப்பையும் பொறுத்தது. மூன்று கண்ணிகளில் மெலிந்தது எதுவோ அதுவே சங்கிலியின் வலு.

சித்தாந்தம் இங்கே இன்னொன்றையும் சேர்க்கிறது. காண்டல் முதலியவை கருவிகளே. அறிவது உயிரின் அறிவாற்றல். கருவி தானாக எதையும் தீர்மானிப்பதில்லை. மதிப்பீட்டுப் படிவத்தில் உள்ள கட்டங்கள் எல்லாவற்றுக்கும் சரி போட்டுவிட்டால் திறமை அறியப்பட்டுவிட்டது என்று கொள்வது, கருவியை அறிபவராக மயங்குவது.

புகையும் நெருப்பும்

கருதல் எப்போது சரியாகும் என்பதை இந்தியத் தருக்க நூல்கள் நுணுகி ஆராய்ந்துள்ளன. தமிழில் மணிமேகலையின் 29ஆம் காதை ஏதுப்போலிகளை, அதாவது சரியான காரணம்போலத் தோன்றும் பிழையான காரணங்களை, வகைப்படுத்துகிறது. புகை கண்ட மலையில் நெருப்பு உண்டு என்பது நேரிய கருதல். புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு இருக்கும். இதைத் திருப்பி, நெருப்பு உள்ளதால் புகை உண்டு என்றால் பிழையாகும். பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. நெருப்பிலிருந்து புகை எழ ஈர விறகு என்ற நிபந்தனை வேண்டும். அந்நிபந்தனையை நியாய நூலார் உபாதி என்பர்.

சான்றிதழ் உள்ளதால் திறமை உண்டு என்ற கருதல் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. சான்றிதழ் இருந்து திறமை இல்லாதோரும் உண்டு, சான்றிதழ் இல்லாத திறமைசாலிகளும் உண்டு. ஆகவே இரண்டுக்கும் இடையே விலகாத தொடர்பு இல்லை. நிபந்தனையோடு கூடிய தொடர்பே உள்ளது. அந்நிபந்தனைகளை எண்ணிவிடலாம். மதிப்பீட்டாளர் நேர்மையாகவும் தொழில் அறிந்தும் பார்த்திருக்க வேண்டும். மதிப்பிட்ட வேலையும் இப்போது செய்யப்போகும் வேலையும் ஒரே இனமாக இருக்க வேண்டும். அதற்குப் பின் கை பழக்கத்தில் இருந்திருக்க வேண்டும். விதிகளும் பொருட்களும் பெரிதும் மாறாதிருக்க வேண்டும். இவை நிறைவேறும் அளவுக்குச் சான்றிதழிலிருந்து திறமையைக் கருதலாம். சான்றிதழின் முகத்தில் இவற்றுள் எதுவும் எழுதப்படுவதில்லை என்பதே சிக்கல்.

சோதனை காட்டுவதும் காட்டாததும்

ஒரு சோதனை தான் சோதிப்பதை மட்டுமே சோதிக்கும் என்பதற்கு மின்னியலாளரின் கைக்கருகிலேயே சான்று உண்டு. ட்ரிப் சுவிட்சின் முகப்பில் ஒரு சிறு சோதனைப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தியதும் சுவிட்ச் விழுந்தால் வீடு பாதுகாப்பாக இருக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்பொத்தான் சுவிட்சுக்கு உள்ளேயே ஒரு சிறு மின்னொழுக்கை உண்டாக்கி அதன் பொறி அசைகிறதா என்று பார்க்கிறது, வேறெதையும் பார்ப்பதில்லை. வீட்டின் எர்த் கம்பி அறுந்து கிடந்தாலும் பொத்தானை அழுத்தினால் சுவிட்ச் விழும். சோதனையில் தேறியது பொறி. எர்த் சோதிக்கப்படவே இல்லை.

எர்த்தும் தன் பங்குக்கு வேறொன்றைக் கற்பிக்கிறது. இலங்கை வீடுகளில் பொதுவாக ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எர்த் றொட் நிலத்தில் அடிக்கப்படுகிறது. அதன் தடை மண்ணின் ஈரத்தைப் பொறுத்தது. மட்டக்களப்பில் மழை பெரும்பாலும் வடகீழ்ப் பருவக்காற்றோடு ஐப்பசி முதல் தை வரை பெய்கிறது. ஆனி, ஆடி மாதங்கள் வறண்டவை. மார்கழி மழையில் அளந்த எர்த் நல்ல எண்ணைக் காட்டும். அதே றொட், மேல்மணல் காய்ந்த ஆடியில் பல மடங்கு தடையைக் காட்டலாம். தடை 200 ஓம் என்று வைத்துக்கொண்டால், உயிர்க்கம்பி ஓர் இரும்புப் பெட்டியைத் தொடும்போது நிலத்துக்குப் பாயும் மின்னோட்டம் ஏறத்தாழ ஒரு அம்பியர்தான். 15 அம்பியர் பியூஸ் அதை உணரவே உணராது. பெட்டி மின்னேறியபடியே நிற்கும். 30 மில்லி அம்பியரில் விழும் ட்ரிப் சுவிட்ச் மட்டுமே அங்கு காப்பு. அதையும் கழற்றிவிட்டிருந்தால் ஒன்றும் இல்லை. மார்கழியில் எழுதப்பட்ட அறிக்கை பொய்யன்று. அது மார்கழியைப் பற்றிய உண்மை.

தளர்ந்த இணைப்பு மூன்றாவது எடுத்துக்காட்டு. 500 வோல்ற்றில் காவலிடலின் தடையை அளக்கும் கருவி, கம்பிகள் ஒன்றோடொன்று கசிகின்றனவா என்பதைச் சொல்லும். முனையில் ஸ்க்ரூ சரியாக இறுக்கப்படாததை அது காணாது. கெட்டில் அல்லது இஸ்திரிப் பெட்டி போட்டுப் பெரிய மின்னோட்டம் பாயும்போதுதான் அந்த இணைப்பு சூடேறும். வாவிக்கரையின் உப்புக் காற்று முனைகளை அரித்து, இன்று இறுக்கமாயிருப்பதை நாளை தளர்த்தும். எல்லாச் சோதனைகளிலும் தேறிய வீட்டில் சில ஆண்டுகளில் பிளக் கருகுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

மனிதரை மதிப்பிடும் சோதனைகளுக்கும் இம்மூன்று எல்லைகளும் உண்டு. அவை பொறியைப் பார்த்துவிட்டு எர்த்தைப் பார்க்காமல் விடலாம். ஒரு பருவத்தைப் பார்த்துவிட்டு மறுபருவத்தைப் பார்க்காமல் விடலாம். சுமை இல்லாதபோது பார்த்துவிட்டுச் சுமையேறும் நேரத்தைப் பார்க்காமல் விடலாம். இறுதி எல்லையே முதன்மையானது. மாலைக்குள் முடிக்க வேண்டும், பொருள் போதவில்லை, முதலாளி அவசரப்படுத்துகிறார் என்ற நெருக்கடியில்தான் திறமையின் உண்மையான சுமை ஏறுகிறது. மதிப்பீட்டு அறையில் அந்தச் சுமை இருப்பதில்லை.

மீள்மதிப்பீடு

ஒருமுறை பெற்ற தகுதி நிலையானதன்று என்ற எண்ணத்திலிருந்து காலந்தோறும் மதிப்பிடும் முறை பிறந்தது. அதற்கு வலுவான நியாயங்கள் உண்டு. முதலாவது, விதிகள் மாறுகின்றன. இலங்கையின் வயரிங் நடைமுறை பிரித்தானிய விதிகளைப் பின்பற்றி வளர்ந்தது. 1882இல் மின்விளக்குகளால் தீப்பிடிப்பதைத் தடுக்கும் சில விதிகளாகத் தொடங்கிய அத்தொகுதி 2018இல் 18ஆம் பதிப்பைக் கண்டது. இடையே கம்பிகளின் நிறங்களே மாறின. பழைய முறையில் மும்முனை மின்சாரத்தின் ஒரு முனைக்கு நீலமும் நடுநிலைக் கம்பிக்குக் கறுப்பும் உரியன. பிரித்தானியாவில் 2004இல் அறிமுகமாகி 2006 முதல் கட்டாயமான புதிய முறையில் நீலம் நடுநிலைக்கும், கறுப்பு உயிர்முனைகளில் ஒன்றுக்கும் உரியதாயிற்று. இரு காலத்து வயரிங்கும் கலந்த ஒரு கட்டடத்தில், பழைய பாடத்தை மட்டும் அறிந்தவர் உயிருள்ள கம்பியை உயிரற்றது என்று பிடிக்கக்கூடும். அவருக்குத் திறமை குறையவில்லை, உலகம் நகர்ந்துவிட்டது.

இரண்டாவது, புதிய பொருட்கள் வருகின்றன. 2016இல் இலங்கை அரசு தொடங்கிய சூரிய பல சங்கிராமய திட்டத்தோடு வீட்டுக் கூரைகளில் சூரியத் தகடுகள் பரவின. மெயின் சுவிட்சை அணைத்தால் வீட்டில் மின்சாரம் இல்லை என்பது பழைய மின்னியலாளரின் முதற்பாடம். பகல் வெளிச்சம் உள்ளவரை கூரைத் தகடுகளிலிருந்து இறங்கும் கம்பிகளில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். மெயின் சுவிட்ச் அதைத் தொடுவதில்லை. அதுவும் நேரோட்ட மின்சாரம்: முனை விலகும்போது எழும் தீப்பொறி வளைவு, ஆடலோட்ட மின்சாரத்தில்போல எளிதில் அணையாது. இருபது ஆண்டு அனுபவமே இங்கே ஆபத்தாகலாம், ஏனெனில் கை பழைய நம்பிக்கையோடு போகும்.

எனவே மீள்மதிப்பீடு அறிவின் பழமையைக் கண்டுபிடிக்க வல்லது. ஒழுக்கத்தின் தளர்வைக் கண்டுபிடிக்க அது வலுவற்றது. மூன்றாண்டுக்கு ஒருமுறை ஒரு நாள் நடக்கும் சோதனைக்கு ஒருவர் தம்மைத் தயார்ப்படுத்திக்கொள்ளலாம். இடைப்பட்ட நாட்களில் எப்படி வேலை செய்தார் என்பதை அந்த ஒரு நாள் சொல்லாது. மேலும் மதிப்பீடே குறிக்கோளானால் அதன் அளக்கும் ஆற்றல் குன்றும் என்பதைப் பொருளியலாளர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975இல் பணக்கொள்கை பற்றிய கட்டுரையில் கூறினார்; பின்னர் அது அவர் பெயராலேயே விதியாக வழங்கலாயிற்று. பரீட்சையில் வரும் பலகையில் மட்டும் பழகி, வீட்டில் வரும் வேலையைப் பழகாமல் விடுவது அதன் எளிய வடிவம்.

மெய்யியலாளர் ஒனோரா ஓ'நீல் 2002இல் ஆற்றிய றீத் விரிவுரைகளில் இதன் மறுபக்கத்தைக் காட்டினார். கணக்குக் கேட்கும் முறைகள் பெருகப் பெருக, தொழிலாளர் தம் வேலைக்குப் பதில் தம் பதிவேடுகளைப் பேணத் தொடங்குகிறார்கள். நம்பிக்கை வளர்வதற்குப் பதில் சந்தேகமே நிறுவனமாகிறது என்பது அவர் வாதம். இதிலிருந்து மதிப்பீடு வேண்டாம் என்ற முடிவு வராது. எதைக் கேட்பது என்பதில் அறிவு வேண்டும் என்ற முடிவே வரும்.

சோதிப்பவரைச் சோதிப்பவர்

உரையின் வலு சொன்னவரைப் பொறுத்தது என்றால், மதிப்பீட்டாளரை மதிப்பிட்டவர் யார்? அவரை மதிப்பிட்டவரை? இந்தத் தொடருக்கு முடிவில்லை போலும். பௌத்த ஆசிரியர் நாகார்ச்சுனர் விக்கிரக வியாவர்த்தனியில் நியாய மதத்தாரிடம் இதையே கேட்டார்: பொருட்களை நிறுவுவது அளவை என்றால் அளவையை நிறுவுவது எது? வேறோர் அளவை என்றால் அதற்கும் ஒன்று வேண்டும். எதுவும் வேண்டாம் என்றால் தொடக்கத்திலேயே அளவை எதற்கு?

நியாய சூத்திரம் தராசைக் காட்டி விடை சொல்கிறது. பொன்னை நிறுக்கும்போது தராசு அளவை; அதன் திருத்தத்தை அறிந்த எடையால் பார்க்கும்போது அதுவே அளக்கப்படும் பொருள். ஒன்றே இரு நிலையிலும் நிற்கலாம். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் ஐயுற வேண்டியதில்லை. மின்னியலாளரின் அளவுகருவியும் இப்படியே. அது காலந்தோறும் திருத்தம் பார்க்கப்பட வேண்டும். பார்த்த கருவிக்கும் மேலொரு நியமம் உண்டு. சங்கிலி நாட்டின் அளவைத் தரங்கள் வரை போய் நிற்கிறது. மதிப்பீட்டாளரும் இப்படி மாறிமாறி அளப்பவராகவும் அளக்கப்படுபவராகவும் இருந்தால் முடிவிலாத் தொடர் அச்சுறுத்தாது. அவர் என்றும் அளப்பவராக மட்டும் இருந்தால் அச்சுறுத்தும்.

ஓர் அறிவு சரியானதா என்பதை எப்போது ஐயுறுவது என்பதிலும் இரு மரபுகள் உண்டு. மீமாம்சகர் கருத்தில் அறிவு தன்னியல்பாகவே செல்லுபடியாகும். மறுக்கும் காரணம் தோன்றும்வரை அதை ஏற்கலாம். நியாய மதத்தார் கருத்தில் அதன் செல்லுபடி வெளியிலிருந்து, முதன்மையாக அதைக் கொண்டு செய்த செயல் பலித்ததிலிருந்து அறியப்படும். வீட்டுக்காரர் மீமாம்சகராக இருப்பதைத் தவிர வேறு வழியில்லை: சான்றிதழைக் கண்டு, ஐயத்துக்குக் காரணம் இல்லாதவரை நம்புகிறார். ஆனால் சான்றிதழ் வழங்கும் அமைப்பு நியாய மதத்தாராக இருக்க வேண்டும்: தான் சான்றளித்தவர்களின் வேலை பலித்ததா என்று திரும்பிப் பார்க்க வேண்டும். விபத்து நடந்த வீட்டில் வயரிங் செய்தவரின் தகுதி என்ன, அவரை மதிப்பிட்டபோது எது பார்க்கப்படவில்லை என்ற விசாரணை மதிப்பீட்டு முறைக்குள் திரும்பி வராவிட்டால், அம்முறை தன் தராசை ஒருபோதும் சரிபார்க்காத கடை.

உரிமையும் ஆற்றலும்

தகுதிச் சான்று இரு வேறு காரியங்களைச் செய்கிறது. சமய மரபுகள் இவற்றை நெடுங்காலமாகப் பிரித்தறிந்தவை. ஒன்று உரிமை வழங்குதல். சிவாலயத்தில் பூசை செய்பவர் சமய, விசேட, நிர்வாண தீட்சைகளைப் பெற்று, ஆசாரியாபிடேகமும் பெற்றே பிறர்பொருட்டுச் செய்யும் பரார்த்த பூசைக்கு அதிகாரியாகிறார். அந்த அதிகாரம் சடங்கால் உண்டாகிறது; அதற்கு முன் இல்லாத ஒன்றை அது உருவாக்குகிறது. கிறித்தவத்தில் இதே கேள்வி 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளில் வட ஆபிரிக்காவில் பெரும் பிளவாக வெடித்தது. ஒழுக்கம் தவறிய குரு வழங்கிய திருவருட்சாதனம் செல்லாது என்றனர் தொனாத்தியர். வழங்குபவரின் தகுதியால் அன்று, கிறித்துவின் செயலால் அது செல்லும் என்று அகுஸ்தீனார் வாதிட்டார். 411இல் கார்த்தேஜில் கூடிய மாநாட்டின் தீர்ப்பு தொனாத்தியருக்கு எதிராக அமைந்தது.

மற்றக் காரியம் உள்ளதை அறிவித்தல். சைவ சித்தாந்தம் உயிரின் பக்குவத்தை இவ்வகையில் பார்க்கிறது. திருவருள் பதியும் சத்திநிபாதம் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நான்கு நிலைப்படும். குரு அந்த நிலையை அடையாளங்களால் உணர்ந்து அதற்கேற்பத் தீட்சை தருகிறார். தீட்சை பக்குவத்தை உண்டாக்குவதில்லை. பக்குவம் இல்லாதவருக்குப் பெயரளவில் தந்தால் பெயர் மட்டுமே இருக்கும்.

மின்னியலாளரின் அனுமதிப்பத்திரம் இவ்விரண்டையும் ஒரே தாளில் சுமக்கிறது. இந்தத் தொழிலை இவர் செய்யலாம் என்ற உரிமையை அது உண்டாக்குகிறது. அந்த வகையில் அது முழுமையான சான்று. இவரால் செய்ய முடியும் என்ற ஆற்றலை அது அறிவிக்கிறது. அந்த வகையில் அது பிழைபடக்கூடிய கருதல். குழப்பம் முதலாவதன் உறுதியை இரண்டாவதற்குக் கடன் கொடுப்பதில் உள்ளது. அகுஸ்தீனாரின் தத்துவம் வயரிங்கில் செல்லாது: செய்தவரின் பதவியால் எந்த இணைப்பும் இறுகுவதில்லை. முத்திரை உண்மையாக இருந்தும் எர்த் பொய்யாக இருக்கலாம்.

சான்றில்லாத் திறமை

உரிமையையும் ஆற்றலையும் ஒன்றாக்குவதால் எதிர்ப்பக்கத்திலும் அநீதி நேர்கிறது. கிழக்கில் போர் நீடித்த ஆண்டுகளில் பள்ளிப்படிப்பு குலைந்தவர் பலர். 1978 நவம்பர் சூறாவளியும் 2004 டிசம்பர் ஆழிப்பேரலையும் மட்டக்களப்புக் கரையைத் தகர்த்தபோது, மறுபடி கட்டும் வேலையே பலருக்குப் பள்ளிக்கூடமாயிற்று. பாஸ் எனப்படும் மூத்த தொழிலாளி ஒருவரின் பின்னால் கருவிப்பை தூக்கி, திட்டு வாங்கி, கை பழகிய தலைமுறை அது. அத்தகையவரிடம் சான்றிதழ் இல்லாததிலிருந்து திறமை இல்லை என்று கருதுவதும் முன்சொன்ன போலியின் மறுவடிவமே. முன் கற்றதை அங்கீகரிக்கும் வழி இந்த அநீதிக்கு மருந்தாகிறது. ஆனால் மருந்து நல்லதாக இருக்க அதன் சோதனை உண்மையானதாக இருக்க வேண்டும். இரக்கத்தால் தரப்படும் சான்று, வாங்கியவருக்கு உதவி, அவரை அழைக்கும் வீட்டாருக்குத் தீங்கு.

அதே வேளை அனுபவமும் தானே ஒரு சான்றாகாது. பாஸிடம் கற்றவர் பாஸின் பிழைகளையும் சேர்த்தே கற்கிறார். எர்த் கம்பியைத் தேவையற்ற செலவு என்று விட்டுவந்த ஒருவரிடம் பத்தாண்டு பழகியவருக்கு, எர்த் இல்லாத வயரிங்கே இயல்பாகத் தோன்றும். விபத்து நடக்காத ஆண்டுகள் அந்தப் பழக்கத்தைச் சரியென்று காட்டிக்கொண்டே போகும். முறையான கல்வியின் பெரும்பயன் இங்கேதான். ஒரு தனிமனிதரின் வாழ்நாளில் நேராத விபத்துகளையும், பல நாடுகளில் பலர் இறந்து கற்ற பாடங்களையும், அது விதியாகத் திரட்டித் தருகிறது.

முடிபு

தகுதிச் சான்றும் காலந்தோறும் நடக்கும் மதிப்பீடும் திறமையை நிறுவுகின்றனவா என்றால், திறமையின் எந்தக் கூறு என்று முதலில் கேட்க வேண்டும். விதியறிவை அவை நன்கு நிறுவுகின்றன. கைத்திறனை, பார்க்கப்பட்ட வேலைகளின் அளவுக்கு நிறுவுகின்றன. பகுத்துணர்தலைப் பற்றிக் குறிப்பளவில் சொல்கின்றன. ஒழுக்கத்தைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் சொல்வதில்லை.

இதனால் அவை பயனற்றவை ஆகிவிடா. சான்றிதழ் இல்லாத உலகில் வீட்டுக்காரருக்கு உரையளவைகூட இராது. அயலாரின் பேச்சும் கூலியின் குறைவுமே வழிகாட்டும். ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியவரை ஐயுறுவதும் தீராத துன்பம் தரும் என்று குறள் இரண்டையும் ஒன்றாக விலக்குகிறது. சான்றிதழைக் கேட்பது முதற்பிழையைத் தவிர்க்கும் வழி. கேட்டபின் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் பின்னால் நிற்பது இரண்டாம் பிழை.

எஞ்சிய இடைவெளியை நிரப்ப வேண்டியது ஆளின் மீதான இன்னொரு பரீட்சை அன்று, வேலையின் மீதான சோதனை. ஆள் என்ன செய்யக்கூடியவர் என்பது கருதலால் மட்டுமே அறியப்படுவது. அவர் செய்துவிட்டது காண்டலுக்கு உரியது. சுவர் பூசுமுன் குழாய்களையும் இணைப்புகளையும் இன்னொருவர் பார்க்கலாம். எர்த்தின் தடையை வறண்ட மாதத்தில் ஒருமுறை அளக்கலாம். திருவிழாப் பந்தலின் தற்காலிக இணைப்புகளை விளக்கேற்றுமுன் வேறொரு மின்னியலாளர் கருவியால் சோதிக்கலாம். சோதித்தவர் பெயரும் நாளும் எழுதி வைக்கப்படலாம். இவை ஒழுக்கத்தை அளப்பதில்லை. ஆனால் ஒழுக்கம் தவறினால் தெரிந்துவிடும் இடத்தில் வேலையை வைக்கின்றன. ஆளுக்குச் சான்று ஒருமுறையும், அறிவுக்கு மீள்மதிப்பீடு காலந்தோறும், வேலைக்குச் சோதனை ஒவ்வொரு தடவையும் என்ற மூன்றும் சேரும்போதே, வயரிங் செய்தவரை அறியாத ஒருவர் அந்தச் சுவிட்சை நம்பித் தொடுவதற்குப் போதிய காரணம் இருக்கும்.